விரால் விட்ட குளம்

அத்தியாயம் பதினொன்று

மீன் சாகிறது என்று ஓடிவந்து சொல்ல ஆள் இல்லை. இராயப்பன் தாமாகப் போய்த்தான் பார்த்தார்.

ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்திருந்தது. ஆண்களைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கும் பெண்களைக் கொழுந்து பறிக்கவும் பிரித்து அனுப்பிவிட்டு, கணக்கப்பிள்ளைக்குரிய கறுப்புக் கோட்டும் குடையுமாக அவர் பழைய காப்பி ஸ்டோர்ப் பக்கம் இறங்கினார். பத்து மணிக்குத் துரை விருந்தாளியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கரையை இன்னொரு தரம் கூட்டச் சொல்ல வேண்டும். நான்கு நாளாக அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

முதல் தொட்டியின் ஓரத்துக்கு வந்தவரின் கையிலிருந்து குடை நழுவியது.

தண்ணீரின் மேலெல்லாம் வாய்கள். நூற்றுக்கணக்கான கெண்டைகள் தலையை மேலே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சுவரோரமாக இன்னொரு நூறு, வயிற்றைக் காட்டி வெள்ளையாக மிதந்தன. தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. அடியில் செங்கல்லை எண்ணலாம். ஆனால் அழுகிய முட்டையின் நாற்றம் கரைவரை வந்தது.

"ஆண்டவரே, என்ன காரியம் செஞ்சு வச்சேன்!" என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

செய்தது என்ன என்பது வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

கல்லோடைத் தோட்டம் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வண்டிப் பாதைக்கு மேலே இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் அங்கே தேயிலை கிடையாது, காப்பிதான். இலையில் நோய் விழுந்து காப்பி அழிந்தபோது, காப்பிக்கொட்டை கழுவக் கட்டிய மூன்று செங்கல் தொட்டிகள் மட்டும் ஓடைக்கரையில் படிக்கட்டு மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக மிஞ்சின. இராயப்பனின் தங்கை சூசையம்மா, கொழும்புத் துறைமுகத்தில் வேலைசெய்த புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். யாருக்கும் வேண்டாத அந்தத் தொட்டிகளை அவள்தான் குளமாக்கினாள்.

முதல் வருஷம் கெண்டை மட்டும் விட்டாள். தீனி போட்டு மாளவில்லை, தண்ணீரும் கெட்டது. அடுத்த வருஷம் கெளுத்தியையும் விலாங்கையும் கூட விட்டாள். ஓடையிலிருந்து நத்தை பொறுக்கிப் போட்டாள். கரையில் கங்குன் கீரை நட்டு, அது தண்ணீருக்குள் கொடி விடும்படி இழுத்துவிட்டாள். பத்து வாத்து வாங்கி மேயவிட்டாள். அப்புறம் குளம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

"மேல மெதக்கிறத ஒண்ணு திங்குது, அடியில கெடக்கிறத ஒண்ணு திங்குது" என்று ஒருநாள் அண்ணனிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். "வாத்துப் பீயில பாசி வளருது, பாசிய மீனு திங்குது, மீனு கழிச்சது கீரைக்கு ஒரமாகுது. ஒருத்தர் மிச்சம் இன்னொருத்தருக்குச் சாப்பாடுண்ணே. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்."

இராயப்பன் அப்போது ஆட்களின் வருகை எழுதும் செக்ரோலில் பேர் பதிந்துகொண்டிருந்தார். "ம்" என்றார்.

மலையில் மீன் என்றால் கருவாடு என்று இருந்த காலம் அது. இறைச்சி விலக்கும் தவசு கால வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் சூசையம்மாவின் பச்சை மீனுக்காகக் கரையில் காத்து நின்றன. தோட்டத்து மருந்துச்சாலையில் கிடந்த நோயாளிகளுக்கு வாரம் இரண்டு நாள் மீன் கஞ்சி போனது. அந்தக் கஞ்சியைப் பற்றித் துரையின் காதுக்கு எட்டியதும்தான், வளர்ப்பது யார் என்று விசாரிக்காமலே, மூன்று தொட்டிகளையும் வளர்ப்பவர் பேருக்குப் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகத் துரை சொன்னார். நுவரெலியா ஓடைகளில் சீமை மீன் விட்டுப் பழகிய ஒரு சிநேகிதரையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தவர், வியாழக்கிழமையே வருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அந்த நேரம் பார்த்துச் சூசையம்மா ஊரில் இல்லை. குளத்து வேலையில் அவளுக்குக் கைகொடுக்கும் பெரியாயியின் மகளுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பிரசவம். துணைக்கு இரண்டு பேரும் போயிருந்தார்கள்.

இராயப்பன் குளத்தைத் துரையின் கண்ணால் பார்த்தார். பச்சைத் தண்ணீர், சேறு, நத்தை, வாத்து எச்சம். வெள்ளைக்காரன் மூக்கைப் பொத்துவான். தங்கச்சி வெட்கப்பட்டு நிற்பாள். அந்த நிலைமை அவளுக்கு வரக்கூடாது என்றுதான் நினைத்தார். அவர் மனைவி றீட்டா, "சூசை வரட்டுங்க, அவ கொளத்துல நாம கை வைக்க வேணாம்" என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் கேட்கவில்லை.

ஆறு ஆட்களை இறக்கினார். மேலே இருந்த இரண்டு தொட்டிகளிலும் கீரையை வேரோடு பிடுங்கினார்கள். நத்தையைக் கூடை கூடையாக அள்ளினார்கள். சேற்றைக் கலக்கி வாரினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மிச்சத்தைத் தண்ணீரிலேயே கொட்டினார்கள். வாத்துகளைப் பதுளைக் கடைவீதி றஹீமுக்கு விற்றார். அதே றஹீமிடம், கீழ்நாட்டுக் குளங்களிலிருந்து மண்பானையில் வந்த நாற்பது பெரிய விராலை வாங்கி இரண்டாவது தொட்டியில் விட்டார். வாங்கும்போதே றஹீம் சொன்னார்: "கணக்கப்பிள்ளை, இது பசிச்ச சாதி. சின்ன மீனோட விட வாணாம்." அதையும் அவர் கேட்கவில்லை. துரை பார்க்கப் பெரிய மீன் வேண்டும்.

மூன்றாவது தொட்டிக்குப் போவதற்குள் பொழுது போய்விட்டது. அது மட்டும் பழையபடியே கிடந்தது.

இவ்வளவுதான் நடந்தது.

-----

இராயப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு ஆட்களோடு தொட்டியில் இறங்கினார். செத்ததையெல்லாம் கூடையில் அள்ளினார்கள். மேலே பங்களாப் பாதையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, கொய்யா மரத்துக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னார்.

றீட்டா கையில் கோப்பித் தண்ணிச் செம்போடு இறங்கி வந்தாள். கூடையைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள்.

"பொதைச்சிட்டா சூசைக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

"மொதல்ல தொரை வந்து போகட்டும். அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

அவர் அடுத்த கூடைக்குக் குனிந்தார். றீட்டா செம்பைக் கரையில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். ஏச வேண்டிய நேரத்தில் ஏசாமல் கூட நின்று வேலை செய்தாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எட்டு மணிக்கெல்லாம் கீழே வண்டிச் சத்தம் கேட்டது. பதுளையிலிருந்து அரிசி ஏற்றி வந்த மாட்டு வண்டியில் சூசையம்மாவும் பெரியாயியும் வந்து இறங்கினார்கள். பெரியாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஐயா, பேத்தி பொறந்திருக்குங்க! தாயும் புள்ளையும் சொகம்!" என்று பாதையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

சூசையம்மா சிரித்தபடிதான் ஏறி வந்தாள். பாதி வழியில் நின்றாள். மூக்கை உயர்த்தி ஒரு தடவை மோந்தாள். பிறகு கையிலிருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இராயப்பன் நான்கு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "தங்கச்சி, நான் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. தொட்டிக்குள் இறங்கி, தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"சுண்ணாம்பு எவ்வளவு கொட்டுனீங்க?"

"ரெண்டு மூட்டை."

"எப்ப?"

"முந்தாநாள்."

"கீரைய எல்லாமே புடுங்கியாச்சா?"

"ஆமா."

"நத்தைய எங்க போட்டீங்க?"

"ஓடைக்கு அந்தாண்ட."

"வாத்து?"

"வித்துட்டேன்."

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்களிடம் கேள்வி கேட்கும் டாக்டரைப் போல இருந்தது அவள் கேட்ட விதம். ஏச்சோ அழுகையோ இல்லை. அதற்கெல்லாம் நேரமில்லை என்பது மாதிரி இருந்தது.

"பெரியாயக்கா, மேல போயி மடையத் தொறந்து விடுங்க. முழுசாத் தொறங்க. அண்ணி, சாக்கு எத்தனை இருக்கோ அத்தனையும் நனைச்சு எடுத்துட்டு வாங்க. அண்ணே, நீங்க அந்தக் கூடையால தண்ணிய மொண்டு மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்துங்க. காத்து பட்டாத்தான் அதுக மூச்சு விடும். நிறுத்தாம ஊத்துங்க."

அவர் ஊற்றினார். நாற்பத்தாறு வயதில், கறுப்புக் கோட்டோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்று மொண்டு மொண்டு ஊற்றினார். மேலே மடை திறந்து ஓடைத் தண்ணீர் இரைந்துகொண்டு விழுந்தது. உயிர் உள்ளதையெல்லாம் சூசையம்மா இரண்டு கையாலும் ஏந்தி நனைந்த சாக்கில் போட்டாள். றீட்டாவும் பெரியாயியும் சாக்கைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது தொட்டிக்கு ஓடினார்கள். ஒருமுறை, இரண்டுமுறை, பத்துமுறை.

கெளுத்தி ஒன்றுகூட மிஞ்சவில்லை. விலாங்குகள் சுவரேறிப் புல்லுக்குள் கிடந்தன. பெரியாயி அவற்றை, வழுக்காமலிருக்கச் சாம்பல் பூசிய கையால் பிடித்துப் போட்டாள். கெண்டையில் பத்துக்கு ஒன்று தேறியிருக்கும்.

இரண்டாவது தொட்டியைச் சூசையம்மா கடைசியாகத்தான் பார்த்தாள். அங்கே செத்த மீன் அதிகம் மிதக்கவில்லை. மிதக்க எதுவும் மிஞ்சவில்லை. முழங்கை நீளத்தில் கருத்த விரால்கள் நிதானமாக மேலே வந்து, ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, நிதானமாகக் கீழே போய்க்கொண்டிருந்தன.

"இது தண்ணியில மூச்சு விடுற சாதியில்லண்ணே" என்றாள். "மேல வந்து காத்தக் குடிக்கும். தண்ணி கெட்டாலும் சாகாது. மத்தது மூச்சுத் தெணறயில இதுக்கு வேட்டை லேசு."

"எனக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுமே. நாலு நாள் பொறுத்திருக்கலாமே?"

அவள் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த சாக்கைத் தூக்கினாள்.

-----

துரை சொன்னபடி பத்து மணிக்கே வந்துவிட்டார். குதிரைகளைப் பாதையில் நிறுத்திவிட்டு, விருந்தாளியோடு நடந்து வந்தார். இராயப்பன் கோட்டைப் பிழிந்து போட்டுக்கொண்டு ஓடிப்போய் சலாம் வைத்தார்.

முதல் தொட்டியில் மடைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. அதில் பார்க்க எதுவும் இல்லை. துரை தாண்டிப் போனார். இரண்டாவது தொட்டிக்கு வந்ததும் நின்றார்.

சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதற்குள் நாற்பது விரால்கள்.

விருந்தாளி என்னவோ இங்கிலீஷில் உற்சாகமாகச் சொன்னார். கைத்தடியை நீட்டி ஒரு விராலைக் காட்டினார். துரையின் முகம் மலர்ந்தது. தோட்டத்துக்கு வந்து பதினைந்து வருஷமாகப் பேசிப் பழகிய தமிழில் அவர் கேட்டார்:

"கணக்கப்பிள்ளை! இவ்வளவு பெரிய மீன் இந்தத் தொட்டியில? நல்ல சுத்தம், நல்ல சுத்தம். இந்தக் கொளமெல்லாம் நீ செஞ்சதா?"

மூன்றாவது தொட்டி பத்தடி கீழே இருந்தது. பச்சைத் தண்ணீருக்குள் இடுப்பளவு சேற்றில் சூசையம்மா நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கையில் ஒரு கெண்டையைப் பிடித்து, அதன் வாய்க்குள் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தாள். துரையின் கேள்வி அவளுக்கும் கேட்டது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

இராயப்பனும் அவளைப் பார்த்தார்.

'இல்லீங்க, என் தங்கச்சி செஞ்சது' என்றால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவள் வளர்த்த மீன் எங்கே? ஏன் இந்த நாற்றம்? எவன் கெடுத்தான்? ஒரு கேள்வி இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது அவருக்குத் தெரிந்தது. இருபது வருஷமாக எந்தத் துரை கேட்டாலும் ஒரே பதில் சொல்லிப் பழகிய நாக்கு.

"ஆமாங்க தொரை" என்றார்.

"கீழ அங்க என்ன? அந்தப் பொம்பளைங்க என்ன செய்றது?"

"அது... பழைய சேத்துத் தொட்டிங்க. சுத்தம் பண்றாங்க."

துரை தலையை ஆட்டினார். கீழே இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, விருந்தாளியின் முதுகில் வைத்துச் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். கையெழுத்துப் போட்டார். "இராயப்பன், பத்து வருஷம். மருந்துச்சாலைக்கு மீன் குடுக்க மறக்காதே. பங்களாவுக்கும்!" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார்.

குதிரைகள் போன பிறகும் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஈரக் கையில் மை கசிந்தது. ஆனால் எழுதியிருந்த பேர் நன்றாகத் தெரிந்தது. அது அவருடைய பேர்.

கீழே திரும்பினார். சூசையம்மா குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பெரியாயி மட்டும் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். காலையில் பேத்தி பிறந்த சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை.

-----

மத்தியானம் றீட்டா சோறு போட்டாள். சூசையம்மாவின் தட்டு காலியாக இருந்தது.

"அவ வரலியா?"

"நத்தை பொறுக்கப் போயிட்டா. ஓடைக்கு அந்தாண்ட கொட்டுனீங்களாமே. உசுரோட கெடக்கிறதத் திரும்பக் கொண்டாந்து விடணுமாம்."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"றீட்டா, நான் வேணும்னு சொல்லலடி. வாய் தானா சொல்லிருச்சு."

"அப்ப வாய நீங்கதான் திருத்தணும்." அவள் குரலில் கோபமில்லை. "சூசைக்கு என்னங்க இருக்கு? புருஷன் இல்ல, புள்ள இல்ல. நம்ம வீட்டுல ஒரு மூலை. அவளுக்குன்னு அவளே உண்டாக்கினது அந்தக் கொளம் ஒண்ணுதான். நாலு நாள்ல அதுல பாதிய அழிச்சீங்க. இன்னிக்குப் பத்து மணிக்கு மிச்சத்த எடுத்துக்கிட்டீங்க."

அவர் கையைக் கழுவினார்.

மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பங்களாவுக்கு ஏறினார். செங்குத்தான பாதை. ஏற ஏற, பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. சூசையம்மாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. பெண்ணுக்குச் சம்மதமா என்று பாதர் சுவாமி கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர்தான் "சம்மதம் சுவாமி" என்று சொன்னார். அவளுக்குக் கொழும்பு பிடிக்கவில்லை, மலையை விட்டுப் போக மனசில்லை என்பது அவளுடைய கடிதங்களில்தான் பிறகு தெரிந்தது. அப்போதும் நல்லதுக்கு என்றுதான் சொன்னார்.

நல்லதுக்கு என்று அவர் செய்ததையெல்லாம் ஒருநாளும் அவளிடம் கேட்டுச் செய்ததில்லை. பாதையின் நடுவில் நின்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பங்களா விறாந்தையில் துரை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். விருந்தாளி போய்விட்டார். இராயப்பன் காகிதத்தை மேசையில் வைத்தார்.

"தொரை, இது என்னோடது இல்லீங்க. அந்தக் கொளம் என் தங்கச்சி சூசையம்மா உண்டாக்கினது. மருந்துச்சாலைக்கு மீன் குடுத்தது அவ. நான் அவ இல்லாதப்போ சுத்தம் பண்றேன்னு மருந்து மாதிரி சுண்ணாம்பக் கொட்டி எல்லா மீனையும் கொன்னுட்டேன். நீங்க பாத்த விரால் நான் கடையில வாங்கி விட்டதுங்க. காலையில நான் பொய் சொன்னேன்."

துரை கோப்பையைக் கீழே வைத்தார்.

"சேத்துக்குள்ள நின்ன பொம்பளை?"

"ஆமாங்க. அவதான்."

"அவ ஏன் சொல்லல?"

இராயப்பன் காகிதத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நான் என் சிநேகிதன் முன்னாடி முட்டாள் ஆனேன்" என்றார் துரை. சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "கணக்கப்பிள்ளை இங்க ஒண்ணு சொல்றான், அங்க ஒண்ணு சொல்றான். நான் எதை நம்புறது? நாளைக்குக் காலையில பெரட்டுக்கு அவளைக் கூட்டிட்டு வா. எல்லா ஆளுக்கும் முன்னால அவ சொல்லணும், கொளம் யாருது, மீனு எப்படிச் செத்துதுன்னு. அவ சொன்னா அவ பேருக்கு வேற காகிதம். சொல்லலன்னா மூணு தொட்டியும் இடிச்சு மூடறது. உன் வேலைய பத்தி அதுக்கு அப்புறம் பேசுறது."

இராயப்பன் சலாம் வைத்துவிட்டு இறங்கினார். வேலை போனால் வீடும் போகும் என்பது தெரிந்ததுதான். கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்த வீடு அது. ஆனாலும் காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. தங்கச்சியிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று நினைத்தார். கிட்டத்தட்ட ஓடியேதான் இறங்கினார்.

-----

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க இன்னும் கொஞ்சம் இருந்தது. சூசையம்மா மூன்றாவது தொட்டியின் கரையில் உட்கார்ந்து, பிடுங்கிப்போட்ட கீரைக்கொடிகளில் வாடாததைப் பார்த்துப் பார்த்து எடுத்து, சேற்றில் மறுபடி ஊன்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கூடை நத்தை.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. துரை சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னார்.

"நாளைக்கு நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கொளம் ஒன் பேருக்கு வந்துரும். பத்து வருஷம்."

அவள் கொடியை ஊன்றி, சுற்றிலும் சேற்றை அமுக்கினாள்.

"எல்லாரு முன்னாடியும் நின்னு, எங்கண்ணன் பொய் சொன்னாருன்னு நான் சொல்லணும். அப்படித்தானே?"

"நடந்தது அதுதானேம்மா."

"சொன்ன பொறகு ஒங்களுக்கு வேல இருக்குமா? நாளையிலேர்ந்து எந்த ஆளு ஒங்க சொல்லுக்கு மலை ஏறுவான்? அண்ணியும் புள்ளைகளும் எந்த லயத்துல போயி இருப்பாங்க?"

"அது என் பாடு. நான் செஞ்சதுக்கு நான் அனுபவிக்கிறேன்."

"நீங்க மட்டுமா அனுபவிப்பீங்க?" அவள் அவரைப் பார்க்கவில்லை. "சொல்லாட்டித் தொட்டிய இடிப்பாங்க. சொன்னா ஒங்க குடும்பத்த இடிப்பாங்க. இந்த ரெண்டுல ஒண்ண எடுத்துக்கன்னு எங்கிட்ட கொண்டாந்து குடுக்குறீங்க. இதுவும் எனக்கு நல்லதுக்குத்தானா?"

அவருக்கு நல்ல செய்தி என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தது இதுதானா என்று இருந்தது. கரையில், அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"மீன் செத்ததுக்கு என்னை மன்னிச்சிரு தங்கச்சி" என்றார் கடைசியில்.

"மீனு செத்ததுக்கா?" அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை. அழுது முடித்த கண்போல வெறுமையாக இருந்தது. "நாலு கெண்டையும் ரெண்டு விலாங்கும் இருந்தா மறுபடி உண்டாக்கிருவேன். ஒரு வருஷம் ஆகும், ஒண்ணரை வருஷம் ஆகும். அது எனக்குப் பெருசில்லண்ணே. தெரியாம செஞ்சீங்க, போகட்டும்."

மேலே வீட்டிலிருந்து றீட்டா இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"தொரை கேட்டப்போ நீங்க என்னையப் பாத்தீங்க" என்றாள் சூசையம்மா. "நல்லாப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் ஆமான்னு சொன்னீங்க."

அவள் கூடையில் மிச்சமிருந்த நத்தைகளைத் தொட்டியில் கவிழ்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி, அண்ணன் வீட்டுப் பாதையில் ஏறாமல், பெரியாயி இருக்கும் லயத்து வரிசை வீடுகள் பக்கம் நடந்தாள்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வருவியா, சூசை?"

அவர் கேட்டது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒரு நொடி நின்றாள். பிறகு நடந்தாள்.